டச்சு வரலாற்றுப் பதக்கங்கள் சேகரிக்க ஆசையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணயம் சேர்ப்பவர்கள் பலர் ஏதோ ஒரு ஏலப் பட்டியலைப் புரட்டும்போது, பெரிய வெள்ளி வட்டத்தில் கப்பல்களும் புகையும் லத்தீன் எழுத்தும் நிறைந்த ஒரு பொருளைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். இது என்ன, எங்கே கிடைக்கும், நம்மால் வாங்க முடியுமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. அப்படி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒன்றைக் கையில் எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படித்துப் பார்க்கிறவருக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு இனிக்கும். எண்ணிக்கை கூட்டுவது இரண்டாம் பட்சம்.

வரலாற்றுப் பதக்கம் என்றால் என்ன? நாணயமா, ராணுவப் பதக்கமா?

இரண்டும் இல்லை. இதற்கு முகமதிப்பு கிடையாது, கடையில் செல்லாது. சட்டையில் குத்திக்கொள்ளவும் முடியாது. ஒரு போர், ஒரு சமாதான உடன்படிக்கை, ஒரு கொலை, ஒரு கட்டடத் திறப்பு நடந்தது என்று நினைவு வைத்துக்கொள்வதற்காகவும், அதைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்வதற்காகவும் வெள்ளியிலோ வெண்கலத்திலோ ஈயத்திலோ செய்யப்பட்ட வட்டம் இது. டச்சுக்காரர்கள் இதை ‘ஹிஸ்டோரிபென்னிங்’ என்கிறார்கள். ‘பென்னிங்’ என்று மட்டும் சொல்வதும் உண்டு.

நெதர்லாந்தில் ராணுவப் பதக்கங்களும் உண்டு. 1831-இல் பெல்ஜியத்துக்கு எதிராகப் போரிட்டவர்களுக்கு, கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கி ‘மெட்டாலன் குரூய்ஸ்’ என்ற சிலுவை கொடுத்தார்கள். அது ஒருவரின் சேவைக்கான அடையாளம். அதைச் சேகரிப்பவர்கள் வேறு கூட்டம், அவர்கள் பார்க்கும் பட்டியல்களும் வேறு.

உலகத்தில் எத்தனையோ நாடுகள் பதக்கம் அடித்திருக்கின்றன. ஏன் நெதர்லாந்து?

அங்கே பதக்கம் ஒரு மன்னரின் கைக்குள் இருக்கவில்லை. அதுதான் முக்கியக் காரணம். பதினேழாம் நூற்றாண்டு பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்காம் லூயியின் வெற்றிகளுக்கு என்ன படம், என்ன வாசகம் என்று முடிவு செய்ய 1663-இல் தனியாக ஓர் அறிஞர் குழுவே அமைக்கப்பட்டது. அதில் வரும் லூயி எப்போதும் வெல்கிறார், எப்போதும் அழகாக இருக்கிறார். டச்சுக் குடியரசில் அப்படி ஒரே குரல் இல்லை. ஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற நாடாளுமன்றம் பதக்கம் செய்யச் சொன்னது, மாகாணங்கள் சொன்னன, நகரங்கள் சொன்னன. இவை போக, பதக்கக் கலைஞர்கள் தாங்களாகவே அச்சு வெட்டி, வாங்க ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையில் அடித்து விற்றார்கள். வாங்குவதற்கு, கையில் கொஞ்சம் வெள்ளியும் அரசியலில் நிறைய ஆர்வமும் உள்ள வணிகர்கள் இருந்தார்கள்.

அதனால் ஒரே நிகழ்ச்சிக்கு நேர் எதிரான கருத்துகளில் பதக்கங்கள் கிடைக்கும். குடியரசின் படைத் தலைமையை வகித்த ஆரஞ்சு வம்சத்தைப் போற்றுவதும் கிடைக்கும், எதிர்ப்பதும் கிடைக்கும்.

இவற்றுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதற்கு 1667-ஐச் சொல்லலாம். அந்த ஜூன் மாதம் டச்சுக் கடற்படை மெட்வே ஆற்றுக்குள் புகுந்து சாத்தம் அருகே ஆங்கிலேயரின் போர்க்கப்பல்களை எரித்தது. அடுத்த மாதம் பிரெடாவில் சமாதானம் கையெழுத்தானது. அதற்காக கிறிஸ்டோஃபல் அடோல்ஃப்ஸோன் செய்த பதக்கத்தில் ஒரு லத்தீன் வரி இருந்தது: ‘புரோகுல் ஹிங்க் மாலா பெஸ்தியா ரெக்னிஸ்’. தீய விலங்கே, எங்கள் நாடுகளை விட்டு அப்பால் போ என்று பொருள். அந்த விலங்கு தங்கள் மன்னர் இரண்டாம் சார்லஸ்தான் என்று ஆங்கிலேயர் கொதித்தார்கள். கடைசியில் டச்சு அரசே அந்த அச்சை உடைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அதோடும் முடியவில்லை. 1672-இல் சார்லஸ் மறுபடி போர் அறிவித்தபோது, அந்த அறிவிப்பிலேயே தம்மை இழிவுபடுத்தும் படங்களையும் பொய்யான வரலாற்றுப் பதக்கங்களையும் டச்சு நகரங்கள் வைத்திருப்பதாக ஒரு புகார் சேர்ந்தது. போருக்கு உண்மையான காரணங்கள் வேறு. ஆனாலும் ஒரு போர் அறிவிப்பில் இடம்பிடிக்கும் அளவுக்கு இந்தச் சிறிய வட்டங்கள் உறுத்தியிருக்கின்றன.

எந்தெந்தப் பதக்கங்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?

வாங்க முடிகிறதோ இல்லையோ, கீழே உள்ளவற்றைப் படத்திலாவது பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் 1566-இன் ‘கோய்ஸன்’ பதக்கம். அந்த ஏப்ரலில் பிரபுக்கள் கூட்டம் ஒன்று ஸ்பெயின் மன்னர் சார்பில் பிரஸ்ஸல்ஸில் ஆட்சி செய்த பார்மாவின் மார்கரெட்டிடம் மத ஒடுக்குமுறையைத் தளர்த்தும்படி மனுக் கொடுத்தது. ‘இவர்கள் வெறும் பிச்சைக்காரர்கள்’ என்று அரசவையில் ஒருவர் ஏளனம் செய்ததாகச் சொல்வார்கள். ‘கோய்ஸன்’, அதாவது பிச்சைக்காரர்கள் என்ற அந்தப் பெயரையே அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். பதக்கத்தின் ஒரு பக்கம் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப். மறுபக்கம் கோத்த இரண்டு கைகளும் ஒரு பிச்சைப் பையும். வாசகம் பிரெஞ்சில் இருக்கிறது: மன்னருக்கு எல்லாவற்றிலும் விசுவாசம், பிச்சைப் பை சுமக்கும் வரைக்கும். செய்தவர் ஜாக் ஜோங்கலிங்க். இதே கலைஞர்தான் சில ஆண்டுகளில், ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்க வந்த ஆல்பா பிரபுவுக்கு வெண்கலச் சிலையும் செய்துகொடுத்தார். கிளர்ச்சிக்காரர்கள் கழுத்தில் தொங்கிய பதக்கமும் அவர்களை ஒடுக்கியவரின் சிலையும் ஒரே பட்டறையிலிருந்து வந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது அந்தக் காலத்தின் சிக்கல் புரிகிறது.

அடுத்தது பிறை வடிவம். கடற்பிச்சைக்காரர்கள் எனப்பட்ட கிளர்ச்சி மாலுமிகள் அணிந்தது. ‘போப்பை விடத் துருக்கனே மேல்’ என்று டச்சு மொழியில் பொறித்திருக்கும். 1574 அக்டோபர் 3 அன்று லைடன் நகரம் ஸ்பானிய முற்றுகையிலிருந்து மீண்ட கதையோடு இதைச் சேர்த்துத்தான் பேசுவார்கள். இதன் பிற்கால நகல்கள் ஏராளம்.

இங்கிலாந்தைத் தாக்கப் புறப்பட்டு அழிந்த ஸ்பானியக் கப்பற்படையான அர்மாடாவுக்கு 1588-இல் ஒரு பதக்கம் மிடல்பர்க்கில் அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் சிதறி மூழ்கும் ஸ்பானியக் கப்பல்கள், மேலே மேகத்துக்குள் எபிரேய எழுத்தில் கடவுளின் பெயர். சுற்றி ‘ஃப்ளாவித் யெஹோவா எத் திஸ்ஸிபாத்தி சுந்த்’: யெகோவா ஊதினார், அவர்கள் சிதறினார்கள். மறுபக்கம் அலை அறையும் பாறை மேல் ஒரு தேவாலயம். ‘மோதப்படுகிறேன், காயப்படவில்லை’ என்று அந்தத் தேவாலயமே பேசுவதாக வாசகம். சுமார் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஒரு முழு இறையியல் வாதம் அடங்கிவிட்டது.

என் மனதுக்கு மிக நெருக்கமானவை பீட்டர் வான் அபேலே (1608–1684) ஆம்ஸ்டர்டாமில் செய்தவை. அவர் கட்டி வெள்ளியில் அடிக்கவில்லை. மெல்லிய இரண்டு வெள்ளித் தகடுகளில் உருவங்களைப் புடைக்கச் செய்து, இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து விளிம்பில் வளையம் கட்டி மூடினார். உள்ளே வெற்றிடம். கண்ணுக்குக் கனமாகத் தெரியும் ஏழு சென்டிமீட்டர் பதக்கத்தைக் கையில் எடுத்தால் எதிர்பார்த்த பாரம் இல்லாமல் கை சற்று மேலே போய்விடும். உருவங்கள் அடித்த பதக்கங்களில் காண முடியாத உயரத்துக்கு எழுந்து நிற்கும். 1660-இல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பக் கப்பல் ஏறியதற்கு அவர் செய்த பதக்கத்தைப் பாருங்கள். பாய் விரித்த கப்பற்படை, மேலே எக்காளம் ஊதிப் பறக்கும் புகழ்த் தேவதை, கீழே ஒரு சிப்பிக்குள், மாட்சிமை தங்கியவர் ஸ்கேவெனிங்கனிலிருந்து ஜூன் 2 அன்று புறப்பட்டார் என்று டச்சு மொழியில் ஒரு குறிப்பு. பாய்களின் வீக்கத்தைக் கூட விரலால் உணரலாம். அந்த உயரமே இதற்குப் பலவீனமும். மூக்கு, கன்னம், பாய் நுனி போன்ற இடங்களில் நசுங்கலோ நுண்ணிய ஓட்டையோ இருக்கிறதா என்று எப்போதும் பார்க்க வேண்டும்.

1672 ஆகஸ்ட் 20 அன்று ஹேக் நகரில் யோஹான் டி விட், கொர்னேலிஸ் டி விட் என்ற சகோதரர்களைக் கும்பல் கொன்றது. யோஹான் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் குடியரசை நடத்தியவர். அந்தக் கொலைக்கு ஆரி என்ற கலைஞர் செய்த பதக்கத்தில் ஒரு பக்கம் சகோதரர்கள் எதிரெதிரே பார்க்கிறார்கள். மறுபக்கம் மிருகங்கள் இரு உடல்களைக் குதறுகின்றன. யார் அந்த மிருகங்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்கச் சங்கடமான பொருள்தான். ஆனாலும் எல்லாப் பதக்கமும் வெற்றிக்கானது என்ற எண்ணத்தை இதைப் போல உடைப்பது வேறொன்றில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் ஹோல்ட்ஸ்ஹை குடும்பம். உல்ம் நகரில் பிறந்து ஆம்ஸ்டர்டாம் வந்த மார்டின் (1697–1764), அவர் மகன் யோஹான் கியோர்க். 1782 ஏப்ரல் 19 அன்று டச்சுக் குடியரசு அமெரிக்காவைத் தனி நாடாக ஏற்றபோது மகன் செய்த பதக்கத்தின் பெயர் ‘லிபெரா சோரோர்’, அதாவது விடுதலை பெற்ற சகோதரி. பின்பக்கத்தில் பாறையில் மோதிக் கொம்பு முறிந்து கிடக்கும் ஒற்றைக்கொம்புக் குதிரை இங்கிலாந்து. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதற்காகப் போட்டி போடுவதால் விலை மற்ற ஹோல்ட்ஸ்ஹை பதக்கங்களை விடப் பல மடங்கு போகும்.

கையில் அவ்வளவு பணமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

‘ரேகன்பென்னிங்’ எனப்படும் கணக்குக் காசுகளிலிருந்து தொடங்குங்கள். இதை எல்லோருக்கும் தயங்காமல் சொல்வேன்.

காகிதத்தில் கூட்டிக் கழிப்பது பரவலாவதற்கு முன், கோடு போட்ட பலகையில் காசுகளை நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். அதற்காகச் செம்பில் அடித்தவை இவை. சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலம், மெல்லிசு. அரசுக் கணக்கு அலுவலகங்களுக்குப் புதிது புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது சும்மா கொடுக்காமல், அந்த ஆண்டின் செய்தியைப் படமாக்கினார்கள். அதனால் 1570-களிலிருந்து பதினேழாம் நூற்றாண்டு வரை கிட்டத்தட்ட ஆண்டுவாரியாக ஸ்பெயினுடனான போரைப் பின்தொடர முடிகிறது. டோர்ட்ரெக்ட், மிடல்பர்க், ஆன்ட்வெர்ப் என்று இரு தரப்பு நாணயச்சாலைகளும் அடித்ததால் எதிரியின் பார்வையும் கிடைக்கும்.

1588-இலும் ஒன்று இருக்கிறது. பெரிய வெள்ளிப் பதக்கத்தின் ஏழைத் தம்பி. ஒரு பக்கம் உடையும் கப்பல். துரத்துவார் இல்லாமலே ஸ்பானியர் ஓடி அழிகிறார்கள் என்று வாசகம். மறுபக்கம் நான்கு பேர் மண்டியிட்டு வேண்டுகிறார்கள்: மனிதன் நினைக்கிறான், தெய்வம் தீர்மானிக்கிறது. அரண்மனைப் பேழைக்காக அடித்ததல்ல இது. யாரோ ஒரு குமாஸ்தாவின் விரல் பட்டுத் தேய்ந்திருக்கும் செம்பு. எனக்கு அந்தத் தேய்மானம் பிடிக்கும்.

பிரபலமில்லாத ஆண்டுகளின் செம்புக் காசுகள் சாதாரண நிலையில் சில பத்து யூரோக்களுக்குக் கிடைக்கும்.

ஒரு தலைப்பை வைத்துக்கொள்ள வேண்டுமா, கிடைத்ததையெல்லாம் வாங்கலாமா?

முதல் சில பதக்கங்களுக்குத் தலைப்பு வேண்டாம், பிடித்ததை வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு எல்லை போட்டுக்கொள்வது நல்லது. ‘டச்சு வரலாறு’ என்பது எல்லையே அல்ல. லைடன் நகரம், கடற்போர்கள், 1672 என்ற ஒரே ஆண்டு, ஆரஞ்சு வம்சத்து மூன்றாம் வில்லியம் இங்கிலாந்து மன்னரான 1688–1689, ஒரே கலைஞர்: இப்படிச் சுருக்கினால் படிப்பதற்கும் ஆழம் கிடைக்கும், பர்ஸும் தாங்கும்.

அரசியல் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. வெள்ளி விழா கண்ட தம்பதிகளுக்கான திருமணப் பதக்கங்கள், கைவினைச் சங்க உறுப்பினர் காசுகள், இறுதிச் சடங்குக்கு வரவேண்டியவர்கள் காட்டிய காசுகள், ஆம்ஸ்டர்டாம் மூலிகைத் தோட்டத்துக்குள் நுழைய மருத்துவர்களும் மருந்து செய்வோரும் வைத்திருந்த அனுமதிக் காசுகள். பலவற்றில் உரியவரின் பெயர் கையால் பொறித்திருக்கும். அந்தப் பெயரை வைத்து நகர ஆவணங்களில் தேடினால் ஒரு பேக்கரிக்காரரோ படகோட்டியோ எழுந்து வருவார்.

எனக்கு லத்தீன் தெரியாது. சமாளிக்க முடியுமா?

தாராளமாக. ஒரே வகை வாசகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். யு என்ற எழுத்துக்குப் பதிலாக வி பொறித்திருப்பார்கள், அதைப் பழகிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. வாசகத்தில் சில எழுத்துகள் மட்டும் பெரிதாக இருந்தால் அவற்றை ரோமன் எண்களாக எடுத்துக் கூட்டிப் பாருங்கள், நிகழ்ச்சி நடந்த ஆண்டு வரும்.

எழுத்தை விடப் படமொழி முக்கியம். சிங்கத்தின் பிடியில் ஏழு அம்புகளின் கட்டு என்றால் ஒன்றுபட்ட ஏழு மாகாணங்கள். வேலி சூழ்ந்த தோட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அது ஹாலந்து. ஈட்டி நுனியில் தொப்பி இருந்தால் சுதந்திரம். ஆரஞ்சு மரம் ஆரஞ்சு வம்சம். வெட்டுண்ட அடிமரத்தில் ஒரு தளிர் எழுந்தால் அது மொரிட்ஸ் இளவரசர்: கிளர்ச்சியின் தலைவரான தந்தை வில்லியம் 1584-இல் சுட்டுக் கொல்லப்பட்டார், ‘தளிர் முடிவில் மரமாகும்’ என்பதை மகன் தன் முழக்கமாக எடுத்துக்கொண்டார். அலையிலிருந்து பாதி உடல் எழும் சிங்கம் ஜேலாந்து மாகாணம். மூன்று பெருக்கல் குறிகள் ஆம்ஸ்டர்டாம், குறுக்கிட்ட இரண்டு சாவிகள் லைடன். இவ்வளவு தெரிந்தால் எந்தப் பட்டியலையும் துணிந்து திறக்கலாம்.

எந்த நூல்களைப் பார்க்க வேண்டும்?

கெரார்ட் வான் லோன். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். 1723 முதல் 1731 வரை ஹேக் நகரில் நான்கு பெரிய தொகுதிகளாக வந்தது. 1555 முதல் 1716 வரையிலான பதக்கங்களை வரலாற்றுக் கதையோடு சேர்த்து, செப்புத்தகட்டுப் படங்களோடு சொல்கிறது. 1732–1737-இல் ஐந்து தொகுதிகளாகப் பிரெஞ்சுப் பதிப்பும் வந்தது. இரண்டும் ஸ்கேன் வடிவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏலப் பட்டியலில் ‘வா. லோன்’ என்று சுருக்கி, தொகுதி, பக்கம், படத்தின் எண் என்று போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதக்கத்தைப் பார்ப்பது பெரிய சுகம். ஆனால் வான் லோன் கொடுப்பது கோட்டுப் படங்கள். நுணுக்க வேறுபாடுகளுக்கு அவற்றை மட்டும் நம்பக் கூடாது.

1716-க்குப் பிந்தியவற்றுக்கு டச்சு அரச அகாடமி வெளியிட்ட தொடர்ச்சி இருக்கிறது. 1813–1863 காலத்துக்கு டிர்க்ஸ் எழுதியதும், கணக்குக் காசுகளுக்கு பிரஸ்ஸல்ஸில் 1876–1880-இல் நான்கு தொகுதிகளாக வந்த டுக்னியோல் எழுதியதும் நிலையான துணை.

விலை எப்படி இருக்கும்?

நல்ல நிலையிலுள்ள சாதாரண ஹோல்ட்ஸ்ஹை வெள்ளிப் பதக்கம் பெரும்பாலும் சில நூறு யூரோக்களுக்குள் முடியும். வான் அபேலே என்றால் ஆயிரத்தைத் தாண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தூதர்களுக்கும் தளபதிகளுக்கும் கொடுத்த தங்கப் பதக்கங்களில் பெரும்பங்கு உலோக மதிப்புக்காக உருகிப் போனது, மிஞ்சியவை நம் கைக்கு எட்டாதவை.

கடலும் அமெரிக்காவும் இங்கிலாந்தும் சம்பந்தப்பட்டால் விலை ஏறும், ஏனென்றால் மூன்று நாட்டுச் சேகரிப்பாளர்கள் கை தூக்குவார்கள். ஒரு மாகாணத்து நிர்வாக விழாவுக்கு அடித்தது அதே கலைஞரின் அதே உழைப்பாக இருந்தாலும் மலிவாகப் போகும். புதியவர்களுக்கு வாய்ப்பு இருப்பது இந்த இரண்டாவது வகையில்தான்.

அசலா, நகலா, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அது எந்த முறையில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டிலும் பதினேழின் முற்பாதியிலும் பெரிய பதக்கங்கள் பல அச்சில் வார்த்து, பிறகு உளியால் செதுக்கிச் சீர்செய்யப்பட்டவை. அவை வார்ப்பாக இருப்பதே இயல்பு. அடித்திருக்க வேண்டிய பதக்கம் வார்ப்பாக வந்தால்தான் எச்சரிக்கை. பூதக்கண்ணாடியில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, சமதளத்தில் ஊசிமுனை போன்ற குழிகள் தெரிகின்றனவா, விளிம்பில் அரம் போட்ட கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தது குளிரும்போது சுருங்கும், அதனால் அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தாலும் சந்தேகப்படலாம். அகலம் அளக்கும் கேலிப்பர் ஒன்றும் சிறிய எடைத் தராசும் வாங்கிய பிறகே முதல் பதக்கத்தை வாங்குங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்கள் மின்முலாம் முறையில் நகல் எடுத்தன. முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறாக எடுத்து ஒட்டியிருப்பார்கள், விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். வான் அபேலேயிலும் இரண்டு தகடுகள் உண்டே என்று குழம்ப வேண்டாம், அவருடைய விளிம்பு வளையம் தனியாக, பார்வைக்குத் தெரியும்படியே கட்டியிருக்கும்.

1672-இல் பதினான்காம் லூயி ரைன் நதியைக் கடந்தது போன்ற பிரெஞ்சுப் பதக்கங்களை எதிர்த் தரப்பின் சாட்சியமாகச் சேர்ப்பவர்கள் விளிம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாரிஸ் நாணயச்சாலை பழைய அச்சுகளை வைத்துப் பின்னாளில் மறுபடி அடித்தது. விளிம்பில் சுட்டும் கை இருந்தால் 1845–1860, தேனீ இருந்தால் அதற்கடுத்த இருபது ஆண்டுகள், செழிப்புக் கொம்பு இருந்தால் 1880-க்குப் பின். இவை போலி அல்ல, அழகானவையும்கூட. விலை மட்டும் மறு அச்சின் விலையாக இருக்க வேண்டும்.

கோய்ஸன் பதக்கத்தையும் பிறையையும் முதல் ஆண்டில் வாங்கவே வேண்டாம். நூற்றாண்டு விழாக்களுக்காகவும் தேசப்பற்றுக்காகவும் அவ்வளவு நகல் வார்த்திருக்கிறார்கள்.

எங்கே வாங்குவது? ஏலம் பாதுகாப்பானதா?

நெதர்லாந்தின் பழைய நாணய ஏல நிறுவனங்கள் இணையம் வழியாகவே ஏலம் கேட்க விடுகின்றன. பொது விற்பனைத் தளங்களை விட இவை மேல், ஏனென்றால் விவரிப்பு தவறானால் திருப்பி எடுத்துக்கொள்ளும் விதி பெரும்பாலும் இருக்கும். அந்த விதியை முன்கூட்டியே படித்துவிடுங்கள். சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம் அளவுக்கு வரும், அதன் மேல் வரி, அஞ்சல், காப்பீடு. கணக்கைப் பின்னோக்கிப் போட்டு உச்ச விலையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஏலத்தில் உட்காருங்கள்.

விவரிப்புகள் டச்சிலேயே இருந்தால் சில சொற்கள் போதும். ‘கெஸ்லாகன்’ அடித்தது, ‘கெகோட்டன்’ வார்த்தது, ‘ரான்ட்டிக்’ விளிம்பில் அடிபட்ட தடம். நிலையைச் சொல்லும்போது ‘ஃப்ராய்’ சுமார், ‘ஸேர் ஃப்ராய்’ நன்று, ‘ப்ராக்டிக்’ மிக நன்று. மேலே ஒரு துளை இருந்தது, அடைத்திருக்கிறது என்று போட்டிருந்தால் விலை நன்றாகக் குறையும். ஒரு காலத்தில் யாரோ அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பதற்கான தடயம் அது, என்னைப் பொறுத்தவரை தயங்காமல் வாங்கலாம்.

கருத்துப்போன வெள்ளியைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

கூடாது. குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கு விபூதி என்று பழகிய கை நமக்கு. பதக்கத்தில் அந்தக் கையை வைக்காதீர்கள். அந்தக் கருநீலப் பூச்சு உருவாகப் பல தலைமுறை ஆகியிருக்கும். ஒரு முறை தேய்த்தால் முகத்தின் மேடான இடங்கள் தேய்ந்துவிடும், பாதி விலையும் போய்விடும்.

விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. மலிவான மென் பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், அவை நாளடைவில் இளகிப் பச்சைப் பிசுக்கை விட்டுச்செல்லும். அமிலமில்லாத காகித உறையும் அட்டைப் பெட்டியும் போதும். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோரக் காற்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். ஈயப் பதக்கம் இருந்தால் புது மரப் பெட்டியில், முக்கியமாக ஓக் மரத்தில், வைக்க வேண்டாம். மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளைத் தூளாகப் பூத்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைக்க வேண்டுமா?

கட்டாயம். அகலம், எடை, உலோகம், வான் லோன் எண், வாங்கிய இடம், தேதி, விலை, முந்தைய உரிமையாளர் தெரிந்தால் அவரும். கூடவே வந்த பழைய கையெழுத்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முந்தைய சேகரிப்பாளர் எழுதிய நான்கு வார்த்தை பதக்கத்தின் வரலாற்றில் ஒரு பகுதி.

தமிழ்நாட்டோடோ இலங்கையோடோ தொடர்புள்ள பதக்கம் உண்டா?

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டில் 1610 வாக்கில் காலூன்றி, 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அங்கே அவர்கள் வெளியிட்டவை நாணயங்கள், அது தனிச் சேகரிப்பு.

பதக்கம் என்று வந்தால் நான் சொல்வது ஒரு பிரெஞ்சுப் பதக்கத்தை. நான்காம் ஆங்கிலோ-டச்சுப் போரில் டச்சுக்காரர்களின் ஆசிய உடைமைகளை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாகப் பிடித்தனர். 1781-இல் நாகப்பட்டினம் போனது, 1782 தொடக்கத்தில் திருகோணமலை போனது. டச்சுக்காரர்களுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலையை மீட்டார். 1783 ஜூனில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த கடலூருக்கு எதிரே கடலில் போரிட்டு அந்த நகரைக் காத்தார். அவர் பிறந்த ப்ரொவான்ஸ் மாகாணத்தின் சபை 1784-இல் அவருக்காக ஒரு பதக்கம் வெளியிட்டது. செய்தவர் டுப்ரே. பின்பக்கம் முழுவதும் வெறும் எழுத்துதான்: கேப் (தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை) காக்கப்பட்டது, திருகோணமலை பிடிக்கப்பட்டது, கடலூர் விடுவிக்கப்பட்டது, இந்தியா பாதுகாக்கப்பட்டது, ஆறு புகழ்மிக்க போர்கள். கேப்பும் திருகோணமலையும் டச்சு உடைமைகள் என்பதால் டச்சுத் தொகுப்பில் இதற்கு இடம் உண்டு. அந்த வட்டத்தில் ‘கொந்தலூர்’ என்று பிரெஞ்சு எழுத்தில் கடலூரைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு வரும் சிலிர்ப்பு வேறு யாருக்கும் வராது.

வாங்காமல் நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஹார்லெம் நகரில் 1784-இல் திறந்த டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கும் பதக்கங்களுக்கும் தனி அறை உண்டு. ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியத்தின் பதக்கங்களை இணையத்தில் பெரிய அளவுப் படங்களாக இறக்கிக்கொள்ளலாம், வீட்டிலிருந்தபடி படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. உட்ரெக்ட்டில் இருந்த பண அருங்காட்சியகம் 2013-இல் மூடப்பட்டது. அதன் தேசியத் தொகுப்பு நெதர்லாந்து மத்திய வங்கியிடம் போயிற்று.

ஆய்வு நோக்கம் உள்ளவர்களுக்கு 1892-இல் தொடங்கிய நாணய, பதக்கவியல் அரச சங்கம் இருக்கிறது. இன்றைய கலைஞர்களின் புதிய பதக்கங்கள் வேண்டுமென்றால் 1925-இலிருந்து இயங்கும் பதக்கக் கலைச் சங்கம் உறுப்பினர்களுக்காக வெளியிடுகிறது.

இந்தியாவுக்கு வரவழைப்பதில் சட்டச் சிக்கல் உண்டா?

உள்ளே கொண்டுவரும்போது சுங்க வரி வரும். பொட்டலத்தின் மேல் பதக்கம், உலோகம், ஆண்டு, உண்மையான விலை எல்லாம் தெளிவாக எழுதும்படி விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்துப் போடச் சொன்னால், வழியில் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

வெளியே அனுப்புவது வேறு விஷயம். நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஒரு 1648 பதக்கத்தை சென்னைக்கு வரவழைத்துவிட்டு, பிடிக்கவில்லை என்று ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் உறவினர் இருந்தால், வாங்கியதை அவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, நேரில் பார்த்து மனம் நிறைந்த பிறகு முடிவெடுப்பது நல்லது. எடுத்து வரும்போது பில்லையும் ஏலப் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.